குழாய்க்குள் காற்று

செய்முறைத் தேர்வில் என் முறை வந்தபோது ஹைட்ராலிக் சிலிண்டர் விக்கி விக்கி ஏறியது.

"பம்பு ரோசாக் லா, கெட்டுப்போச்சு அக்கா. வேற மெஷின் கேளுங்க," என்றான் உடன் படிக்கும் குமரன்.

நாற்பது வயதில், பதினோரு ஆண்களுக்கு நடுவில், டெக்னீஷியன் வேலைக்காகப் படிக்க வந்தவள் நான். வேறு மெஷின் கேட்கப் போவதில்லை. எண்ணெய்க் குழாய்க்குள் 'களக் களக்' என்றது. எனக்குப் பழக்கமான சத்தம்தான்.

பத்து வயதில், ரெங்கம் தோட்டத்து லயத்து வீட்டில் பைப்பில் தண்ணீர் நின்றுபோன நாள். மேட்டிலிருந்த மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் இறக்க, அப்பா ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார். பாசி வாடையோடு ஒரு வாய்த் தண்ணீர் வந்து சட்டையை நனைத்தது. பிறகு 'களக் களக்' மட்டும்தான். மூன்றாம் தடவையும் துப்பிவிட்டு அவர் வெற்றிலை தேடிப் போனதும், நான் குழாய் முழுவதையும் தொட்டிக்குள் அமுக்கினேன். குமிழிகள் வந்து ஓய்ந்தன. ஒரு நுனியை உள்ளேயே விட்டு, மறுநுனியைக் கட்டைவிரலால் அடைத்துக் கீழே இழுத்து வந்தேன். விரலை எடுத்ததும் அம்மாவின் பானை நிரம்பி வழிந்தது.

"பாதிக் காத்த நான்தானே உறிஞ்சி எடுத்தேன்," என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது தேர்வு மெஷினில் அழுத்தத்தைக் குறைத்து, சிலிண்டரின் மேல்நட்டை லேசாகத் தளர்த்தினேன். காற்றோடு நுரைத்த எண்ணெய் கசிந்தது. அது தெளிந்ததும் நட்டை இறுக்கினேன். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு ஏறியது. தேர்வு பார்த்த சார் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதினார்.

நடந்ததைப் போனில் சொன்னதும் அப்பா சிரித்தார். "அன்னைக்குப் பாதிக் காத்த நான் எடுத்ததாலதானே?"

"இன்னைக்கு முழுசும் நான்தான்ப்பா எடுத்தேன்."