சொந்தச் சாதிக்கு இரண்டு லட்சம்

உங்கள் குழந்தையைப் பத்து மாதம் சுமக்கப் போகிற பெண் எதிரே வந்து உட்கார்ந்தால், அவளிடம் முதலில் எதைக் கேட்பீர்கள்? சாப்பிட்டாயா என்றா, உடம்பு தாங்குமா என்றா? பாரூர் சரோஜம்மாள் கேட்டது, "உங்க குலதெய்வம் எது?"

சரோஜம்மாளின் மருமகள் ரேவதிக்கு முப்பத்து நான்கு வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் இப்போது லைன் லீடர், ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளி. அங்கேயே வேலை பார்த்த அன்புமணியைக் காதலித்து, வேறு சாதி என்ற அவன் வீட்டு எதிர்ப்பை மீறிக் கட்டிக்கொண்டாள். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. சினைப்பை நன்றாக இருக்கிறது, உங்கள் இருவரின் கருவை வேறொரு பெண் சுமந்தால் பிள்ளை உண்டு என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து ரேவதிக்கு வேறு நினைப்பே இல்லை.

முறைப்படி என்ன செலவாகும் என்று பெரிய மருத்துவமனை ஒன்றில் விசாரித்தார்கள். கரு உருவாக்கம், ஊசி மருந்து, பிரசவம், சுமக்கும் பெண்ணுக்கு மூன்று ஆண்டுக் காப்பீடு, மருத்துவக் குழுவின் சான்று, நீதிமன்ற உத்தரவு. எல்லாம் சேர்ந்து பத்து லட்சத்தைத் தொடும். முதல் முறை கரு தங்காவிட்டால் மேலும் ஆகும். சுமக்கிறவளுக்கு மருத்துவச் செலவைத் தவிரப் பணம் தரக் கூடாது. தந்தால் சிறை. மருத்துவருக்குக் கூலி உண்டு, மருந்துக் கடைக்கு லாபம் உண்டு, வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு. வலி தாங்குகிறவள் மட்டும் அன்பால் தாங்க வேண்டுமாம்! இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அந்த அன்போடு ஒருத்தியும் வரவில்லை.

அப்போதுதான் தங்கதுரை வந்தான். ரேவதிக்குத் தெரிந்தவன்தான், அவளுடைய லைனுக்கு ஒப்பந்தப் பெண்களை வேனில் ஏற்றி அனுப்புகிறவன். கம்பெனிக்குக் கொடுப்பதுபோலவே கொட்டேஷன் கொடுத்தான். மொத்தம் இருபத்திரண்டு லட்சம். எல்லையைத் தாண்டி கர்நாடகத்துக்குள் ஒரு வீட்டில் பத்து மாதம் தங்கவைப்பது, தூரத்து உறவு என்று பத்திரம் தயாரிப்பது, நட்சத்திரம் பார்த்து வயிற்றைக் கிழிக்க நாற்பதாயிரம். கடைசி வரியில், 'சொந்தச் சாதிப் பெண்: கூடுதலாக இரண்டு லட்சம்.'

"அதப் போட்டுருப்பா," என்றார் சரோஜம்மாள். "ஒரு கலப்பு போதும் எங்க வூட்டுக்கு."

கரு ரேவதியுடையது, அன்புமணியுடையது. சுமக்கிறவளின் சாதி எந்தக் குழாய் வழியாகக் குழந்தைக்குள் இறங்கும்? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் போதும் இதைத் தெரிந்துகொள்ள. ரேவதிக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்தச் செலவுக்காக மாமியார் கரும்புத் தோட்டத்தில் ஒரு ஏக்கரை விற்கமாட்டார். அரை லட்சம் முன்பணம் அன்றே கைமாறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கதுரையின் ஆபீஸில் பெண் பார்க்கிற மாதிரியே ஏற்பாடு. தட்டில் மிக்சர்கூட இருந்தது. உள்ளே வந்தவளை ரேவதிக்கு அடையாளம் தெரிந்தது. பிரவீனா. குருபரப்பள்ளிக்காரி. போன வருஷம் இரண்டு மாதம் ரேவதியின் லைனில் நின்றவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய்.

"நம்ம ஆளுங்கதான்மா, சுத்தமா விசாரிச்சிட்டன்," என்றான் தங்கதுரை.

சரோஜம்மாள் குலதெய்வத்தைக் கேட்டார். பிரவீனா தங்கதுரையைப் பார்த்தாள். அவன் மிக்சர் தட்டைப் பார்த்தான்.

"நீங்க சொல்லிக் குடுத்த சாமி பேரு மறந்துட்டன்ணா," என்றாள் அவனிடம். பிறகு சரோஜம்மாளிடம், "நாங்க உங்க ஆளுங்க இல்லம்மா. அவருதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு."

சரோஜம்மாள் தீப்பட்டதுபோல் எழுந்தார். "தூ! இவ வயித்துலயா எம் பேரன் வளரணும்?"

"உக்காருங்கம்மா. ரெண்டு நாள்ல ரீப்ளேஸ்மெண்ட் தர்றன்," என்றான் தங்கதுரை.

ரீப்ளேஸ்மெண்ட். லைனில் ஒருத்தி மயங்கி விழுந்தால், மாற்று ஆள் அனுப்பச் சொல்லி ரேவதியே போனில் அவனிடம் கேட்கிற சொல் அது.

"உனக்கு எவ்வளவு தர்றாங்க பிரவீனா?" என்று கேட்டாள் ரேவதி.

"மூணு லட்சம்க்கா. பெத்துக் குடுத்தப்புறம்."

"இடையில கலைஞ்சு போச்சுன்னா?"

"அதுவரைக்கும் சாப்பாடு போடுவாங்க. அவ்ளோதான்க்கா."

"உசுருக்கு ஏதாவது ஆனா?"

பிரவீனாவை முந்திக்கொண்டு தங்கதுரை சொன்னான்: "மேடம், உங்களுக்கு நஷ்டம் வராது. அடுத்த ஆளுக்குப் பாதி ரேட்தான்."

பிரசவ மேசையில் தன் ரத்தம் வாளியில் சொட்டிய சத்தம் ரேவதிக்கு மறந்திருக்கவில்லை. கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிரவீனாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"புகார் குடுக்கப் போறேன்," என்றாள் அன்று மாலை.

அன்புமணி பதறினான். "லூசா நீ? நாமளும் அட்வான்ஸ் குடுத்திருக்கறம். நம்மளையும் சேத்துத்தான் உள்ள வெப்பாங்க. அப்புறம் கொழந்தன்னு எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் நிக்க முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவ செத்தா அவ புள்ளைக்கு எங்க போயி ரீப்ளேஸ்மெண்ட் வாங்குவ நீ?"

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றாள். மனுவில் முன்பணம் கொடுத்ததையும், சாதி கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் தானே எழுதியிருந்தாள். பிரவீனா பின்னால் நின்றாள். அவளுடைய மனு தனி. அதன்பின் இருவரையும் இரண்டு முறை அழைத்து விசாரித்திருக்கிறார்கள். வழக்கு தன் மீதும் வருமா என்று ரேவதிக்குத் தெரியாது. சரோஜம்மாள் மகனுக்கு வேறு பெண் தேடுவதாகப் பாரூரில் சொல்லித் திரிகிறார். தங்கதுரையின் வேன் இன்னும் காலை ஆறு மணிக்கு சிப்காட்டுக்குள் வருகிறது. ரேவதிக்கு இன்னும் பிள்ளை இல்லை. அந்த ஆசையும் போய்விடவில்லை.

இப்படியொரு கொட்டேஷன் உங்கள் வீட்டு மேசையிலும் இருக்கலாம். பணம் கொடுக்கும் முன், சுமக்கப் போகிறவளை, தரகனும் மாமியாரும் இல்லாத இடத்தில் சந்தியுங்கள். அவள் கைக்கு எவ்வளவு வரும், அவள் செத்தால் அவள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்டபின், அந்தக் காகிதத்தோடு வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வரிசையில் வந்து நில்லுங்கள்.