பூண்டிச் சரிவில் ஒரு புல்தரை

மகளின் பள்ளி மைதானத்தில் இன்று காலை புல் வெட்டியிருந்தார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே, இப்போது காட்டேஜ்கள் நிற்கும் பூண்டிச் சரிவில் முன்பு இருந்த எங்கள் பள்ளிக்கூட மைதானம் கண்முன் விரிந்துவிட்டது.

முதலில் அது வெறும் மண்தரைதான்; மழை பெய்தால் கரைந்து கீழே கேரட் தோட்டத்துக்குள் போய்விடும். அந்தச் சேற்றில் விளையாட மாட்டோம் என்று கொடைக்கானல் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி சொல்லிவிட்டதும், எங்கள் கேப்டன் செல்வி, "நாமளே புல்லு நடுவோம்" என்றாள். ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, ஓடையோரம் படர்ந்திருந்த புல்லைக் கொடிகொடியாகப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, சாணுக்கு ஒன்றாகப் பதினொரு பேரும் நட்டோம். வேர் பிடித்த வாரமே காட்டுமாடுகள் இறங்கி எல்லாவற்றையும் மிதித்துப் போட்டன.

குளம்புக் குழிகளைப் பார்த்து, "இனிமே எதுக்கு பிள்ள?" என்று நான் அழுதேன்.

"மிதிச்சா மிதிக்கட்டும். வெள்ளனே வந்து மூடிருவோம்," என்றாள் செல்வி.

அப்படியே தினமும் பனியில் விரல் மரத்துப்போக, குழிகளில் மணலும் எருவும் நிரப்பி, பிய்ந்த கொடிகளை மறுபடி ஊன்றிக் காலால் அமுக்கிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனோம். மழைக்காலம் முடிவதற்குள் மண்ணே தெரியாமல் புல் மூடிக்கொண்டது.

கொடைக்கானல் அணி வந்தது. இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பஸ் ஏறும்போது அவர்களுடைய கேப்டன், "கிரவுண்டு நல்லா இருக்கு. அடுத்த மேட்சும் இங்கயே வச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"வாங்க," என்றாள் செல்வி. பஸ் வளைவில் மறைந்ததும், கோல் கம்பத்தருகே பெயர்ந்து கிடந்த புல்லை எடுத்து ஊன்ற ஆரம்பித்தாள். நாங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.