நிக்கனோரா போடும் சாய்கோடு

பென்டிரைவை வாங்கியதும் நிக்கனோரா தெராசாஸ் அதைச் சட்டென்று கணினியில் செருகிவிடமாட்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். மேலங்கியின் ஓரத்தில் துடைப்பாள். பிறகு கொடுத்தவரின் முகத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்ப்பாள். வைரஸ் இருப்பது பென்டிரைவிலா ஆளிடமா என்பது அவளுக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

“எந்தப் பக்கம் வேணும்?”

“பதினாலு.”

“யாரோட பதினாலு? தாளுக்கு அடியில போட்டிருக்கிற பதினாலா, மெஷின் எண்ணுற பதினாலா? அட்டையைச் சேத்தா ஒண்ணு, சேக்காட்டி ஒண்ணு. அப்புறம் இங்க வந்து கத்தக்கூடாது, சொல்லிட்டேன்.”

கொச்சபம்பா நகரத்தில், நீதிமன்றத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது அவளுடைய அச்சுக்கடை. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். வக்கீல்கள் வருவார்கள், மனு எழுதுகிறவர்கள் வருவார்கள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆய்வேட்டை அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக அள்ளிக்கொண்டு வருவார்கள். வாத்தியார் திருத்தச் சொன்ன பக்கங்கள் மட்டும் போதும், முழுவதும் வேண்டாம் என்பார்கள். இதற்கென்றே அவள் அக்காள் மகன் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கோப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பக்க எண்ணைக் குறித்து, ஒரே ஒரு தட்டு. எல்லாக் கோப்பிலிருந்தும் கேட்ட பக்கங்கள் மட்டும் கடகடவென்று வந்து விழும். நிக்கனோரா அதையும் நம்புவதில்லை. ஒரு கோப்பை மட்டும் முதலில் போட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொடுவாள். “மொத்தமா வந்தா தப்பும் மொத்தமாத்தான் வரும்” என்பாள்.

காலையில், உள்ளே கறி வைத்துச் சுட்ட சல்தேன்யா தின்பதிலும் இதே கதைதான். ஓரத்தைக் கடித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஆலிவ் இருந்தால்தான் அடுத்த கடி. இல்லையென்றால் விற்றவளைக் கூப்பிட்டு விசாரணை நடக்கும்.

இதையெல்லாம் மிஞ்சியது அவளுடைய சாய்கோடு. எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே இடம் காலியாகக் கிடந்தால், பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி அளவுகோல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுப்பது அந்தச் சந்தின் வழக்கம். நகராட்சியிலிருந்து வரும் தாளிலும் அது இருக்கும். நிக்கனோரா அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டாள். மகளின் பிறந்தநாள் அட்டையில் ‘அன்புடன் அம்மா’ என்று எழுதி, மேலே இருந்த வெற்றிடத்தில் கோடு போட்டுக் கொடுத்தவள் அவள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சந்தேகம் ஒருமுறை அவளையே கடித்திருக்கிறது. சாதுவான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நிறையக் கோப்புகளைக் கொடுத்து எல்லாவற்றிலும் முதல் பக்கம் மட்டும் கேட்டார். “கேள்வித்தாள் விக்கிறீங்களா சார்?” என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்து மெஷினில் முதல் பக்கம் மட்டும் மை அப்பிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். மனுஷன் கூனிக் குறுகி இறங்கிப் போனார். மறுபடி அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. அவர் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் நிக்கனோராவுக்குச் சோறு இறங்காது.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் ரெங்கேல் வந்தார். அந்த ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்; கடைக்கார அம்மாவைத் தோன்யா என்பார்கள். நடைபாதையில் கடை போடுகிற பெண்களுக்காகப் புதிய சந்தைக் கட்டடத்தில் இடம் வாங்கித் தருவதாக நின்றவர் அவர். ஒவ்வொருத்திக்கும் ஒரு ஒப்பந்தம், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு.

“எல்லாத்துலயும் கடைசிப் பக்கம் மட்டும் போடுங்க தோன்யா. கையெழுத்து வாங்கணும். முன் பக்கங்கள நான் ஆபீஸ்ல போட்டுச் சேத்துக்கறேன்.”

வழக்கம்போல ஒன்றை மட்டும் போட்டாள். வந்த தாளில் மேலே ஒரு எழுத்துகூட இல்லை. திரையில் பார்த்தால், ஒப்பந்தத்தின் கடைசி வரிகள் முந்தின பக்கத்திலேயே நின்றுவிட்டன. வெள்ளைத்தாளின் அடியில் ஒரு பெயரும் கையெழுத்துப் போட ஒரு கோடும் மட்டும்.

“உங்க மெஷின்ல இந்த எழுத்துரு இல்ல. வரியெல்லாம் இடம் மாறிடுச்சு. பரவாயில்ல, போடுங்க” என்றார் டாக்டர்.

அவர் சொன்ன காரணம் உண்மைதான், மெஷினில் அந்த எழுத்துரு இல்லை. அந்த ‘பரவாயில்ல’தான் நிக்கனோராவைக் குத்தியது. போன மாதம் ஓரத்து இடைவெளி ஒரு நூல் தள்ளிப்போனதற்குச் சந்தே கேட்கச் சத்தம் போட்டு, முழுக் கட்டையும் திரும்ப அடிக்கவைத்த மனுஷன் அவர்.

டாக்டர் காபி குடிக்கப் போனார். தாள்கள் விழுந்துகொண்டிருக்கும்போதே பெண்கள் வந்து வாசலை அடைத்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் காசில்டா. நிக்கனோராவின் மகளுக்கு ஞானஸ்நானத் தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மழையிலும் வெயிலிலும் தரையில் உருளைக்கிழங்கைக் குவித்து உட்கார்ந்தே முட்டி தேய்ந்தவள். தலைக்கு மேலே ஒரு கூரைக்காகக் காத்திருந்தவள். கையெழுத்துப் போடவென்று புதுப்பேனா வாங்கி, மூடியைத் திறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

“குடு கொமாத்ரே, நகராட்சியில மத்தியானம் கதவ சாத்திடுவான்.”

“இரு. இது வெறுந்தாளு. இதுல கையெழுத்துப் போட்டா மேல எவன் என்ன வேணா எழுதிக்கலாம்.”

“ஆரம்பிச்சிட்டியா? வாத்தியாரத் தொரத்தின மாதிரி டாக்டரையும் தொரத்தப் போறியா? இந்த இடம் போச்சுன்னா ஏழு ஜென்மத்துக்கும் ஒம்மூஞ்சியில முழிக்கமாட்டேன், பாத்துக்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நிக்கனோராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. காசில்டா சொன்னதைச் செய்யக்கூடியவள். இடமும் போய், அவளும் போய்விட்டால்? நிக்கனோரா அளவுகோலை எடுத்தாள். மேல் மூலையிலிருந்து பெயருக்குச் சற்று மேலே வரைக்கும் ஒரு சாய்கோடு. அடுத்த தாள், இன்னொரு கோடு. கையெழுத்துப் போடும் இடத்தைத் தொடவே இல்லை.

பாதிக்கு மேல் முடிந்தபோது டாக்டர் திரும்பி வந்தார். தாள்களைப் பார்த்தார்.

“யாரு உங்கள கோடு போடச் சொன்னது?”

“யாரும் சொல்லல டாக்டர். எம்மெஷின் பண்ணின தப்பு, நாந்தானே அடைக்கணும். அந்த இடத்துல நீங்க எதுவும் எழுதப் போறதில்லையே?”

“நான் எதுக்கு எழுதறேன்?”

“அப்பக் கோடு இருந்தா என்ன?”

“பாக்க அசிங்கமா இருக்கு. நகராட்சியில வாங்கமாட்டாங்க. எல்லாத்தையும் சுத்தமாத் திரும்பப் போடுங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நகராட்சித் தாளில் கோடு பார்க்காதவள் அவர்களில் ஒருத்தியும் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

நிக்கனோரா கோடு போடாத தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள். அளவுகோலையும் பேனாவையும் சேர்த்துப் பிடித்து நீட்டினாள்.

“மிச்சத்த நீங்களே போடுங்க டாக்டர். நீங்க போட்டா நேராவும் இருக்கும்.”

அவர் வாங்கிக்கொள்ளட்டும் சாமி, இந்த ஒருதரம் என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. வாத்தியார் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் சேர்ந்தாலும் பரவாயில்லை, காசில்டாவுக்குக் கூரை கிடைக்கட்டும். டாக்டர் அளவுகோலைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

காசில்டா தன் புதுப்பேனாவை மூடினாள். நிக்கனோரா அளவுகோலை நீட்டியபடியே நின்றாள்.