கிழட்டுச் சோடி

குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு என்பது ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தக் குதிரைச் சோடியை வாங்கப் பார்க்கப் போன அன்று, அவற்றை விற்க இருந்த தோட்டக்கார அம்மா முதலில் கொண்டுவந்து நீட்டியதே இரண்டு பாஸ்போர்ட்டுகளைத்தான். ஆண் குதிரைக்கு வயது பத்தொன்பது, பெண் குதிரைக்குப் பதினேழு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உதுகளுக்குப் பிறந்த உடனை குடுத்திட்டாங்கள். எங்களை எத்தினை வருஷம் அலைக்கழிச்சவங்கள்."

அந்த அம்மாவுக்குத் தமிழ் விளங்காது. ஏதோ பகிடி என்று மட்டும் விளங்கி, அவரும் சிரித்தார்.

மார்க் காசு போய் யூரோ வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. வந்த புதிதில் எசன் நகரத்தில் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். பிறகு கடவுள் கிருபையால், மலைக்காட்டில் குதிரையை வைத்து மரம் இழுக்கும் ஒரு ஜேர்மன்காரரிடம் வேலை கிடைத்தது. வெட்டி விழுத்திய மரத்துக்குச் சங்கிலி போட்டு, பாதை வரைக்கும் இழுத்துக் கொண்டுவர வேண்டும். ரக்ரர் மெசின் போனால் ஈரமண் இறுகிவிடும், வளர்கிற கன்றுகள் முறிந்துவிடும் என்று சில சரிவுகளுக்குள் குதிரையை மட்டும்தான் விடுவார்கள். எட்டு வருஷம் அவரோடு நின்றேன். ஒரு நாள் சரிவில் இளங்குதிரை ஒன்று நில் என்று சொல்லியும் நிற்காமல் இரண்டு அடி எடுத்து வைத்தது. மரம் உருண்டு அவருடைய கணுக்காலில் ஏறியது. அதோடு அவர் குதிரைகளை விற்றுவிட்டார்.

காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். ஒக்ரோபரில் மரம் வெட்டத் தொடங்குவோம், அதற்குள் உன்னிடம் சொந்தமாக ஒரு சோடி இருந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் மெசின்காரருக்கு என்றார். அப்போது ஓகஸ்ட் பிறந்துவிட்டது. பழக்கிய இளஞ்சோடி வாங்க எங்களால் ஏலாது. பழக்காததை வாங்கிப் பழக்க நாள் இல்லை. ஆகவே வயது போன சோடிதான். மறுபடியும் அந்த நிலக்கீழ் அறைக்குள் இறங்குவதில்லை என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று முடிவெடுத்தேன். அதோடு இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். நோவோடு நிற்கிற சீவனை வாங்கி வேலை வாங்க மாட்டேன். அப்படி உழைத்த காசில் விளக்கு ஏற்ற என் கை போகாது.

விளம்பரத்தைப் பார்த்து ரெலிபோன் எடுத்தபோது, மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாரம் இழுக்கிற குதிரை இனத்தை ஜேர்மன்காரர் கால்ட்புளூட், அதாவது குளிர் இரத்தம் என்பார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "குளிர் இரத்தம் பாம்புக்கெல்லோ" என்றாள். அதனால்தான் தானும் வந்து பார்க்க வேண்டும் என்று நின்றாள். வெள்ளிக்கிழமை, விரதம் வேறு. போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

நான் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே போனேன். ஜேர்மன்காரரிடம் அப்படிப் போவது மரியாதை இல்லை என்று மனைவி வழிநெடுகப் புறுபுறுத்தாள். ஆனால் எனக்கு அந்தக் குதிரைகளைக் கொட்டிலில் நின்றபடியே பார்க்க வேண்டும். விற்கிறவர் முதலே நடத்திச் சூடாக்கிவிட்டால், மூட்டுப் பிடிப்பு மறைந்துவிடும். அந்த அம்மா கோபிக்கவில்லை. புருஷனுக்கு இடுப்பில் ஒப்பரேசன், இனிக் குதிரையோடு மாரடிக்க அவரால் ஏலாது, கசாப்புக்கு மட்டும் கொடுக்க மாட்டோம், வேண்டியதைப் பாருங்கள் என்று கொட்டில் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டும் செம்மண் நிறம், வெளிறிய பிடரி. முதுகு என் தலைக்கு மேலே நின்றது. முதலில் நிலத்தைப் பார்த்தேன். ஆண் நின்ற இடத்தில், சப்பித் துப்பிய புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. கேட்டதும் அந்த அம்மா ஒளிக்கவில்லை. பிடுங்கியது, தீனை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். ஒளிக்காதது எனக்குப் பிடித்தது. பிறகு எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவி வந்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. குளம்பைத் தூக்கி, அடியை மணந்து பார்த்தேன். அழுகல் மணம் இல்லை. கழுத்தில் தோல் வளையம் படுகிற இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. பழைய காயம், ஆறியது. வெளியே நடத்தியபோது, பெண்ணின் இடது பின்னங்கால் முதல் பத்து அடிக்குக் கொஞ்சம் விறைத்தது. பிறகு இளகிவிட்டது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

"சுழி பாத்தனீங்களோ?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

நெற்றியில் சுழி இரண்டு இருந்தது. அது நல்லதோ கூடாததோ எனக்குத் தெரியாது. சுழியைப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும், காலை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வண்டிலில் பூட்டினோம். பூட்டும்போது இரண்டும் அசையவில்லை. மனைவி எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள். அந்த அம்மா வேலியோடு நின்றுகொண்டார். நாக்கைச் சொடுக்கினேன். சோடி ஒரே அடியாக எடுத்து வைத்துப் புறப்பட்டது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒரு முப்பது அடி போயிருப்போம்.

"வரேக்கை அடுப்பை நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம்."

குதிரைகள் நின்றுவிட்டன. இறங்கி, பெண்ணின் பின்னங்காலைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏறிச் சொடுக்கினேன், போயின. கொஞ்சத் தூரத்தில், ஐயருக்கு அர்ச்சனைக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். மறுபடி நின்றன. இந்த முறை கழுத்து வளையத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன், எங்கேயும் இறுக்கவில்லை. மூச்சைப் பார்த்தேன், சீராக இருந்தது. திரும்பப் புறப்பட்டோம். மூன்றாம் முறை நின்றபோது வாரை உதறிக்கூடப் பார்த்தேன். காதை மட்டும் பின்னால் திருப்பி, என்னையே கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றன.

மனைவி சொன்னாள்: "கிழட்டுச் சோடியப்பா. உங்களைப் போலத்தான், நாலடி வைச்சாப் போதும், இருக்க இடம் தேடுதுகள்."

நான் சிரிக்கவில்லை. காட்டில் முப்பது அடிக்கு ஒரு தரம் நிற்கிற குதிரையால் ஒரு மரம்கூடப் பாதைக்கு வராது. கையால் தடவிப் பிடிபடாத நோ எங்கேயோ உள்ளே இருக்கிறது, அதுதான் நிற்கின்றன என்று நினைத்தேன். விறைத்த பின்னங்கால் நினைவுக்கு வந்தது. நோவோடு நிற்கிற சீவனை வாங்க மாட்டேன் என்று சொன்ன வாக்கும் வந்தது. ஒக்ரோபரும் வந்தது. இருந்தாலும் வாக்கு வாக்குத்தான். அடுத்தது எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டு வண்டிலைத் திருப்பினேன்.

"அப்ப, உது வேண்டாம் எண்டு சொல்லப்போறியளோ?"

"ஓ... ம்," என்று இழுத்தேன். மனம் விட்டுப்போய்ச் சொன்ன ஓம் அது.

இரண்டும் ஆணி அடித்தது போல நின்றன.

அந்த அம்மா வேலியை விட்டு எங்களிடம் நடந்து வந்தார். முகத்தில் குழப்பம். "நல்லாத்தானே போகுதுகள். ஏன் நீங்கள் ஒவ்வொரு தரமும் நிப்பாட்டுறீங்கள்?" என்று ஜேர்மனில் கேட்டார்.

நான் நிறுத்தவில்லை, அவைதான் நிற்கின்றன என்றேன்.

"நீங்கள்தானே சொல்லுறீங்கள், ஹோ எண்டு. எனக்கு வேலியடிக்கே கேக்குது."

என் பழைய முதலாளி குதிரையை நிறுத்த "பிர்ர்" என்பார். காட்டில் நான் தமிழ் பேச ஆளும் இருக்கவில்லை. இந்த வீட்டில் குதிரையை நிறுத்துகிற சொல் "ஹோ". அதை எவ்வளவு மெல்லச் சொன்னாலும் நிற்க வேண்டும் என்று, இவர்கள் பதினைந்து வருஷமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் வாயைத் திறந்தால் முதலில் வருகிற ஓம் வேறு, ஹோ வேறு என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மனைவிக்கு விளக்கினேன். அவள் நம்பவில்லை. புறப்படச் சொன்னாள், பத்தடி போனதும் தானே "ஓம்" என்றாள். நின்றன. திரும்பவும் போகச் சொன்னாள், திரும்பவும் சொன்னாள். நின்றன. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இருபது வருஷமா இந்த மனுசன் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுது, ஒண்டும் நடந்ததில்லை. உதுகளுக்கு ஒருக்காச் சொன்னாப் போதும்."

சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் சிரிப்பை வைத்துக் குதிரை வாங்கக் கூடாது. அன்று முடிவு தெரியாமல் அந்த வளவை விட்டுப் போவதில்லை என்று தீர்மானித்தேன். தோட்டத்தின் பின்பக்கம் ஒரு சரிவு, அதன் அடியில் காற்றுக்கு விழுந்த மரம் ஒன்று கிடந்தது. அதை மேலே இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா சங்கிலி எடுத்துக் கொடுத்தார்.

வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நாக்கைச் சொடுக்கினேன். இரண்டும் தலையைத் தாழ்த்தி, நெஞ்சைக் கொடுத்து, ஒன்றுக்கொன்று சமமாக இழுத்தன. ஒன்று முந்தவும் இல்லை, ஒன்று ஏமாற்றவும் இல்லை. மரம் நகர்ந்து வந்தது. சரிவின் நடுவில், சங்கிலி விறைத்து நிற்கிற இடத்தில், நான் வேண்டுமென்றே மெல்லிய குரலில் "ஓம்" என்றேன்.

நின்றன. பின்னங்கால் தசை துடித்தது, பாரம் முழுக்க அவற்றின் மேலே இருந்தது, ஆனாலும் ஒரு அடி முன்னுக்கோ பின்னுக்கோ வைக்கவில்லை. நான் மரத்துக்குப் பக்கத்தில் போய், சங்கிலியில் சிக்கியிருந்த கிளையைக் குனிந்து எடுத்தேன். என் முதலாளியின் கால் போனது இப்படியான ஒரு இடத்தில்தான். கிளையை எறிந்துவிட்டு நிமிர்ந்தேன். இரண்டும் அப்படியே நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலே வந்ததும் மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி தேத்தண்ணியை ஊற்றித் தந்தாள். நான் குடித்து முடிக்க முதலே ஆணின் விலா அடங்கிவிட்டது. பெண்ணுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. பின்னங்காலைத் திரும்பத் தடவினேன், சூடு ஏறவில்லை. ஒரு நாளில் அரை நாள்தான் வேலை, காலையில் பூட்ட முதல் நடத்திச் சூடாக்க வேண்டும், தீன் ஊறவைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் சில வருஷம் சந்தோசமாக உழைக்கும் சோடி என்று என் மனதுக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லுறியள்?" என்றேன்.

மனைவி குதிரைகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த அம்மாவிடம் "யா" என்று ஜேர்மனில் சொல்லிக் கை கொடுத்தேன். அவர் கொட்டிலுக்குள் போய் இரண்டு கழுத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் காருக்குப் பக்கத்தில் காத்திருந்தோம்.

ஒக்ரோபர் முதல் கிழமை, காட்டில், அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சோடியைப் பூட்டி, முதல் மரத்துக்குச் சங்கிலி போட்டேன். மடியிலிருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, எந்த வேலைக்கும் முதல் சொல்கிறதைச் சொன்னேன்: ஓம் நமசிவாய. இரண்டும் காதைத் திருப்பி, கல் மாதிரி நின்றன. ஏன் இவை போகவில்லை, ஏதும் பிழையோ என்று அதிகாரி கேட்டார்.

பிழை இல்லை, கொஞ்சம் பொறுங்கள், இன்னும் முடியவில்லை என்றேன். மூன்று தரம் சொல்லி முடித்தேன். பிறகு நாக்கைச் சொடுக்கினேன்.