கை நனைக்காத விருந்து

படகுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கணவர் சொன்னபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யார் என்று கேட்டேன். பக்கத்துப் படகிலிருக்கும் பிரெஞ்சுக்காரத் தம்பதி என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணனையும் அண்ணியையும்கூடக் கூப்பிட்டிருப்பதாக மெதுவாகச் சொன்னார். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணன் என்றால் அவருடைய பெரியப்பா மகன். காங்கேயத்தில் சொத்தைப் பாகம் பிரித்தபோது, எங்கள் தோட்டத்துக்குப் போகிற தடத்தை மறித்துச் சுவர் எழுப்பிய புண்ணியவான். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அவர் மனைவி எதிரே வந்தால் நான் பக்கத்தில் இருக்கிற நகைக்கடைக்குள் நுழைந்துகொள்வேன். அந்தக் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சலிப்பு.

அந்த அண்ணனுக்கு எங்களோடு போட்டி போடாவிட்டால் தூக்கம் வராது. என் கணவர் பம்ப்செட் கம்பெனியை விற்றுவிட்டு, கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். மாதத்தில் பாதி நாள் அதிலேயே இருக்க ஆரம்பித்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அடுத்த வருஷமே எங்களுடையதைவிடப் பெரிய படகாக வாங்கிக்கொண்டு வந்து, காயலில் எங்களுக்கு நேர் முன்னால் நங்கூரம் போட்டார். அத்தனை தண்ணீர் பரந்து கிடக்கிறது, எங்கள் மூக்குக்கு முன்னால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. தினமும் காலையில் காப்பி டம்ளரோடு மேலே வந்தால் அவர் துண்டு காய்வதைப் பார்த்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

கணவர் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. தை மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். பங்காளிகளில் மூத்தவர் வந்து முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆசை என்பதுகூடச் சின்ன வார்த்தைதான். ஆறு மாதமாக அதே பேச்சு. எங்கள் பக்கத்தில் பகையான வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பகை போயிற்று என்று அர்த்தம், அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தால் அண்ணன் எப்படியும் சாப்பிட்டுவிடுவார் என்று இவர் திட்டம் போட்டிருந்தார்.

எனக்கு இம்மிகூட நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சமைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த செக்கெண்ணெயில் பள்ளிபாளையம் கோழி, அரிசியும் பருப்பும் சோறு, கத்தரிக்காய்க் கடைசல். படகு ஆடும்போது அடுப்பும் கூடவே ஆடும். இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். யாருக்காக இத்தனை பாடு என்று நினைக்க நினைக்க மிளகாயைக் கூடுதலாகவே கிள்ளிப் போட்டேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். பிரெஞ்சுக்கார அம்மா ஒரு கேக் கொண்டுவந்தார். படகிலேயே ஊர் சுற்றுகிறவர்களின் வழக்கம் அது. விருந்துக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டுபோய் நடுவில் வைப்பார்கள், எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்து, படகு விட்டுப் படகு போக அண்ணன் வைத்திருக்கும் சின்ன ரப்பர் படகு வந்து ஒட்டி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு "வாங்க" என்றேன். அவர் மனைவி முதலில் ஒரு நாலடுக்குத் தூக்குப்போசியை மேலே நீட்டினார். பிறகு இரண்டு தட்டு. பிறகு இரண்டு டம்ளர். கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டில்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. படகு வழக்கப்படி நாங்களும் கொண்டுவந்தோம் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் சொல்ல, பிரெஞ்சுக்காரர்கள் ஆஹா என்று பாராட்டினார்கள். ஆனால் அந்தப் போசி நடுவுக்கு வரவேயில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் தட்டில் அவர்கள் சோறு, அவர்கள் டம்ளரில் அவர்கள் தண்ணீர். என் படகில், என் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே என் முகத்தில் கரி பூசினார்கள். பிரெஞ்சுக்காரர் கோழியின் காரத்தில் கண் கலங்கி, மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது.

என் கணவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்து, சட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். ஒரே ஒரு கரண்டி என்று கெஞ்சினார். அண்ணன் பேச்சை நிறுத்தாமலே தட்டின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். இவர் நகரவில்லை. குனிந்தபடியே நின்றார். அறுபது வயது மனுஷன், சட்டியும் கையுமாக.

"ஏனுங்க மாமா, கை நனைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிப்போட்டுத்தான வந்தீங்க? அதுக்கு உங்க படகுலயே இருந்திருக்கலாமுங்களே" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"உன்ற ஊட்டுக்காரன் கூப்புட்டான், வந்தேன் அம்மணி. கல்யாணத்துக்கும் வருவேன். முன் வரிசைல உக்காந்து ஊரே பாக்கத் தாலி கட்டறதப் பாத்துப்போட்டு, பந்திக்கு வராம எந்திரிச்சுப் போவேன்."

அவர் மனைவி போசியின் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக மூட ஆரம்பித்தார். பிரெஞ்சுக்கார அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க கல்யாணத்துக்கு வர வேண்டாமுங்கண்ணா."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வராமல் இருந்து அவமானப்படுத்த அவருக்குத் தெரியும், வந்து அவமானப்படுத்தவும் தெரியும். வராதே என்று இந்தத் தம்பி வாயால் கேட்க வேண்டி வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. மடக்குக் கத்தியை மடக்குவது போல உடம்பை மடக்கிக்கொண்டு ரப்பர் படகில் இறங்கினார். மோட்டாரை ஸ்டார்ட் பண்ண அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் உதவவில்லை.

அந்த ஒரு வார்த்தையை என் கணவர் வாயிலிருந்து கேட்க, சுவர் எழுந்த நாளிலிருந்து நான் காத்திருந்தேன். அன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிரெஞ்சுக்காரர்களும் போன பிறகு பாத்திரங்களை அடுக்கி வைத்துவிட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிட மேலே போனேன். அவர் படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் படகில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் அண்ணன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார்.