நான் கேட்காத நாடகம்

போன வாரம் இதே பக்கத்தில் நான் கொதித்ததைப் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு நீங்களும் கொதித்தீர்கள். மேஜை நிறையக் கடிதங்கள்! ஒரு வாசகர் சிவப்பு மையிலேயே எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, பொங்கல் தாண்டியும் மாமனார் வீட்டை விட்டு நகர மறுக்கிறான் — இப்படி ஒரு ஹாஸ்ய நாடகத்தை ரேடியோவில் போட்டுவிட்டார்களாம். டிராமில் எதிர் ஸீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். தினசரிகள் தலையங்கம் தீட்டின. ‘மாப்பிள்ளைக் குலத்துக்கே அவமானம்!’ என்று நான் முழுப் பக்கம் முழங்கினேன்.

எனக்கு ஏன் அவ்வளவு ரோஷம்? சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்தும் தியாகராய நகரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. அதனால் மயிலாப்பூரில் மாமனார் வீட்டில்தான் இருக்கிறேன். வந்தது தீபாவளிக்கு... எந்தத் தீபாவளி என்று கேட்காதீர்கள்.

பத்தியைப் படித்த என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன்னா, நம்மாத்துல ரேடியோவே கிடையாதே... நீங்க எங்கே கேட்டேள்?”

“ஊரே பேசிக்கறது. தனியா வேற கேக்கணுமா?” என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாகக் காபியைக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். மெலிந்த தேகம், கையில் ஒரு பழைய பை. சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியாராம்; பெயர் சவரிமுத்து. அந்த நாடகத்தை எழுதிய மகாபாவி இவர்தான்!

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வேஷ்டியை இறுக்கிக்கொண்டேன். மனிதர் கும்பிட்டார்.

“சார், நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ஸ்கூல் மானேஜர் மெமோ கொடுத்திட்டாரு. நாளைக்குள்ள சரியான பதில் சொல்லலைன்னா வேலை போயிடும்.”

“எழுதறச்சே யோசிச்சிருக்கணும், ஓய்!”

“எழுதினேன் சார், இல்லேங்கல. ஆனா அது இன்னும் ரேடியோவுலயே வரலியே! அன்னிக்கு மாமனாரா நடிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அரை மணி நேரமும் வீணைதான் வாசிச்சாங்க.”

வாத்தியாரை உள்ளே உட்காரவைத்து விசாரித்தேன். ரேடியோ நிலையத்தார் முன்கூட்டியே அச்சடித்துத் தரும் நிகழ்ச்சி நிரலில் கதைச் சுருக்கம் இரண்டு வரி இருந்திருக்கிறது. அதைப் படித்து ஒருவர் கொதிக்க, அவரைப் பார்த்து இன்னொருவர் கொதிக்க... கடைசியில் நான். சென்னைப் பட்டணமே திரண்டு ஒரு வீணைக் கச்சேரியைக் கண்டித்திருக்கிறது!

சட்டையை மாட்டிக்கொண்டு வாத்தியாருடன் சாந்தோமுக்கு ஓடினேன். மானேஜர் ஒரு ஃபாதர். வெள்ளைத் தாடி, கண்டிப்பான முகம். நாடகத்தை நான் கேட்கவே இல்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“நானுந்தான் கேக்கல. நீங்க எழுதினதைத்தான் படிச்சேன்” என்றார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, “எங்கே, படிங்க பார்ப்போம்” என்றார்.

வாத்தியார் பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போகும் ரயில்களின் நேரத்தை மாமனார் ராகம் போட்டுப் பாடும் இடத்தில், ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் முடியும்? கிளம்புவதற்கு நல்ல நாள் வேண்டும் என்று மாப்பிள்ளை பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் வீட்டில் சொல்லும் சாக்கும் அதேதான்!

மெமோ கிழிந்து கூடைக்குள் போயிற்று. வாத்தியார் கண்ணீரும் சிரிப்புமாக நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது ஃபாதர் என்னை நிறுத்தினார்.

“எங்க வழக்கம் தெரியுமில்ல? தப்பை ஒப்புக்கிட்டா மட்டும் போதாது, பரிகாரமும் செய்யணும். போன வாரம் எந்தப் பக்கத்துல, எவ்வளவு பெரிய எழுத்துல திட்டினீங்களோ, அதே பக்கத்துல, அதே எழுத்துல உண்மையை எழுதுங்க.”

எழுதிவிட்டேன், ஃபாதர்.

நாடகம் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நிஜமாகவே ஒலிபரப்பாகிறது. கோபப்பட விரும்பும் வாசகர்கள் தயவுசெய்து முதலில் அரை மணி நேரம் கேளுங்கள் — கோபம் எங்கே ஓடிவிடப் போகிறது?