சட்டையில் குத்திய பெயர்

"கத்துங்க சார், பரவாயில்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

கேட்டவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. எதிரே நிற்பவர் இங்கே இறங்கிவிட்டார், அவருடைய பெட்டி வேறு ஏதோ ஒரு நாட்டில் இறங்கிவிட்டது. மலை மாதிரி ஆள். மேசையில் குத்துவதற்கு ஓங்கிய கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு யோசிக்கிறார். "மான்குட்டி" என்கிறார் கடைசியில். அவர்கள் மொழியில் அப்படித்தானாம், அம்மா ஆசையாக வைத்ததாம். சொல்லி முடிப்பதற்குள் கை தானாகவே கீழே வந்துவிடுகிறது.

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையைத் தாண்டி, கழிப்பறைக்குப் போகும் வழியில், தொலைந்த பெட்டிகளுக்கென்று ஒரு மேசை உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவரை உடன் வேலை செய்கிறவர்கள் பெட்டிக்காரர் என்பார்கள். சிரித்த முகத்தோடு அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. கழிப்பறைக்கு வழி கேட்பவர்கள்கூட அவசரத்தில்தான் இருப்பார்கள்.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெட்டிக்காரரின் கண் பெயருக்குத்தான் போகும். குடைக் கம்பியால் மேசையைத் தட்டிய அம்மாளின் பெயருக்குத் 'தேனீ' என்று அர்த்தம். வரிசையில் நிற்காமல் புகுந்தவருக்கு 'ஏழாவது பிள்ளை' என்று அர்த்தம். போய் ஏழாவதாக நிற்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் போய் நின்றார். தெரியாது என்று கையை விரிப்பவர்கள்மீது மட்டும் பெட்டிக்காரருக்கு மனத்தாங்கல். "இத்தனை வருஷமா கூப்பிடறாங்க, நீங்களும் திரும்பிப் பாக்கறீங்க. என்னன்னு ஒரு தடவைகூடக் கேக்கத் தோணலையா?" அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேசிவிட்டு, கிடைத்த பெட்டியை மறந்துபோனவரும் உண்டு.

அவருடைய சொந்தப் பெயருக்கு 'ஜெயித்தவன்' என்று அர்த்தம். அப்பா வைத்தது. "என்னத்த ஜெயிச்சேன்? ஊரான் பெட்டிக்கு நடுவுல உக்காந்திருக்கேன்" என்பார். ஆனால் சட்டையில் குத்தியிருப்பது அந்தப் பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று, விலகிப்போன வெளிநாட்டுக்காரரின் பேட்ஜைக் கொடுத்து, "இப்போதைக்கு இதைப் போட்டுக்குங்க, உங்களோடது அடுத்த வாரம் வந்துடும்" என்றார் மேலாளர். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்தபாடில்லை.

அந்தக் காலத்தில் பெட்டிக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. "நானா உங்க பெட்டிக்கு டிக்கெட் எடுத்து வேற ஊருக்கு அனுப்புனேன்?" என்று பயணிகளிடம் எகிறுவார். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, மின்விசிறியை யார் நிறுத்தியது என்பதற்காக அவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டு நீலம் பாரித்துவிட்டது. மகள் அப்போதே பையை எடுத்துக்கொண்டாள். "இனிமே என் புள்ளையோட இந்த வாசப்படி மிதிக்க மாட்டேம்மா." மிதிக்கவும் இல்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு பயணி வந்தாள். கைப்பை, பெட்டி, மருந்து எல்லாம் போய், நிற்கவே தெம்பில்லாமல் நின்றாள். அவளிடமும் எகிறினார். அவள் அழவில்லை. "உங்க பேட்ஜ்ல இருக்கற பேரு எங்க ஊர்ப் பேரு. பொறுமைசாலின்னு அர்த்தம்" என்றாள். அன்று பெட்டிக்காரரே கிடங்குக்குள் போய்த் தேடி, அந்தப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயருக்குக் கெட்ட பேர் வாங்கித்தரக் கூடாது என்று ஒரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் மனைவி அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர். கணவரின் குரல் உயர்ந்தால், கொக்கியில் தொங்கும் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றி நீட்டுவார். "இதைக் குத்திக்கிட்டுப் பேசுங்க." பனியனில் பேட்ஜோடு உட்கார்ந்து அவர் கேஸ் சிலிண்டர்காரரிடம் இதமாகப் பேசியதை அக்கம்பக்கம் பார்த்திருக்கிறது. மகளிடம் போனில் சொல்லிச் சொல்லி, மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சம்மதிக்க வைத்தார். "அப்பா ஒரு சத்தம் போட்டாலும் கிளம்பிடுவேன்" என்பது நிபந்தனை.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, ஒருவர் தொலைந்த பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் பேட்ஜைப் பார்த்தார். "அட, எங்க பெரியப்பா பேரு!"

"பொறுமைசாலி" என்றார் பெட்டிக்காரர் அடக்கமாக.

வந்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பொறுமையா? இடி சார், இடி! வானத்துல இடிக்குமே, அது!"

"இன்னொரு அர்த்தம் இருக்குமோ?"

"ஒண்ணுதான் சார். எங்க ஊர்ல சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

அவர் போனபின் பெட்டிக்காரர் வெகுநேரம், அன்று மருந்தைத் தொலைத்துவிட்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், அர்த்தம் சொன்னபோது அவள் பேட்ஜைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பெட்டிக்காரருக்கு அவமானமாக இருந்தது. இல்லாத ஒரு பொறுமையை மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறார். அடுத்து வந்த பயணியிடம் அவர் அர்த்தம் கேட்கவில்லை.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் அன்றிரவு வீட்டில் மனைவி.

"ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பேரன் வந்த வேகத்தில் சோபாமேல் ஏறிக் குதித்து, தாத்தாவின் மூக்குக்கண்ணாடிமேல் உட்கார்ந்தான். சடக்கென்று ஒரு சத்தம்.

"டேய்!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். சாட்சாத் இடி. பையனின் உதடு பிதுங்கியது. மகள் எழுந்துவிட்டாள். மனைவி எதுவும் பேசாமல் கொக்கிக்குப் போய், பேட்ஜைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

பெட்டிக்காரர் அதை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

"அதுல என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்றான் பையன், அழுகையைப் பாதியில் நிறுத்தி.

"பொறுமைசாலின்னு எழுதியிருக்குடா கண்ணு" என்றார் மனைவி முந்திக்கொண்டு.

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்டா" என்றார் பெட்டிக்காரர். பனியனைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, தடவித் தடவி, பேட்ஜைக் குத்திக்கொண்டார்.